அடைக்கோழியைக் கடித்த பங்காளி வீட்டு நாய்

கேள்வி: பக்கத்து வீட்டு நாய் இரண்டு மாதத்தில் என் நாட்டுக்கோழிகள் நான்கைக் கொன்றுவிட்டது. ஒன்று அடைகாத்த கோழி. நாய்க்காரர் என் கணவருக்குப் பங்காளி முறை. கேட்டால், "கோழியை அடைச்சு வை" என்கிறார். என் கணவர் விஷம் வைக்கலாம் என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: விஷம் வேண்டவே வேண்டாம், சகோதரி. நாய் துடித்துச் சாகும். உங்கள் கோழியும் அந்த விஷத்தைக் கொத்தும். நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் இதற்கு 5 ஆண்டு வரை சிறை உண்டு.

அடைக்கோழி போன வலி எனக்குத் தெரியும். என் சிறுவிடைக் கோழியை நாய் கவ்வியபோது வெளியே இறகு மட்டும்தான் கலைந்திருந்தது. இறக்கையைத் தூக்கிப் பார்த்தால் ஆழமாக இரண்டு பல் குழி. வெதுவெதுப்பான உப்புநீரில் கழுவி, மஞ்சள் அப்பி, பஞ்சாரத்தில் (கோழியைக் கவிழ்த்து மூடும் கூடை) சாக்கு போர்த்தி வைத்தேன். ஈ மொய்த்துப் புழு வைக்காமல் தினமும் பார்த்தேன். மூன்றாம் நாள் கம்பு கொத்தியது. கடி ஆழமென்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கோழிவலை நாய்க்குத் தாங்காது, கிழித்துவிடும். வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பிவலை) போடுங்கள். அடியில் ஓரடி வெளிப்பக்கமாக மடக்கி மண்ணில் புதையுங்கள். நாய் அங்கேதான் குழி பறிக்கும். பஞ்சாரத்தின் மேல் கல் வையுங்கள்.

அப்புறம், செத்த கோழியைப் படமெடுத்துத் தேதியோடு குறித்து வையுங்கள். முறைக்காரர்தானே, பெரியவர் ஒருவரை வைத்துப் பேசி, விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் நாயைக் கட்டச் சொல்லுங்கள். கோழிக்கான பணத்தையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.