மியாவடியிலிருந்து திரும்பும் தம்பியின் சட்ட நிலை

வணக்கம் சகோதரி. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று, மியான்மரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, அடிக்கு அஞ்சி இணைய மோசடி செய்த தம்பி, ஊர் திரும்பினால் கைதாவாரா என்று கேட்டிருந்தீர்கள். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று இந்தியாவின் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவு சொல்வதால், தம்பி விரும்பித்தான் விமானம் ஏறினார் என்ற வாதம் அவரை அனுப்பிய முகவரைக் காப்பாற்றாது. ஆனால் மிரட்டலுக்குப் பணிந்து தம்பி செய்த மோசடியைக் குற்றமல்ல என்று கொள்ள, அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு உடனடி மரண அச்சம் இருந்ததா என்றே கேட்கிறது. மாதக்கணக்கில் வதைபட்டவருக்கு அது மிகக் குறுகிய வாசல் என்பது எனக்கு வருத்தமே. ஆகவே முகவருக்குப் பணம் அனுப்பிய ரசீது, குரல் பதிவுகள், காயங்களின் படங்கள் எதையும் அழிக்காமல், அவர் வருமுன்பே முகவர்மீது புகார் கொடுத்துவிடுங்கள். ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டோருக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டப்படி இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நாளையே மனுக் கொடுங்கள்.