அம்மாவுக்குத் தஞ்சாவூர் காட்ட வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. பெரிய கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மூட்டு வலி உண்டு, போன வருடம் கண்புரை அறுவை சிகிச்சையும் ஆனது. எனக்குச் சனி, ஞாயிறுதான் லீவு. தஞ்சாவூர், திருவையாறு, கும்பகோணம், அப்படியே நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் முடித்துவிட்டு வரலாம் என்று திட்டம். சரியாக வருமா?
– வாசகி, சென்னை

பதில்: வராது. முதலில் நவக்கிரகத்தை எடுத்துவிடுங்கள். அந்த ஒன்பது கோயிலும் கும்பகோணத்தைச் சுற்றி, ஒரு பக்கம் திருவெண்காடு, இன்னொரு பக்கம் காரைக்காலை ஒட்டிய திருநள்ளாறு என்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரே நாளில் பார்க்கிறவர்கள் விடியுமுன் வேனில் ஏறி இருட்டிய பிறகு இறங்குகிறார்கள். மூட்டு வலியோடு ஒன்பது இடத்தில் வண்டி ஏறி இறங்கி வரிசையில் நிற்பது அம்மாவுக்குத் தண்டனை. அவர் கேட்டது பெரிய கோயிலைத்தானே? அதை ஆசை தீரப் பார்க்கட்டும். இரண்டு நாளில் இரண்டு மூன்று தடவை போனாலும் தப்பே இல்லை.

வெள்ளி இரவு எழும்பூரிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் தஞ்சாவூரில் இருப்பீர்கள். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது, அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போது அதைப் பாருங்கள். ரூம் எடுக்கும்போது லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா என்று போன் போட்டே கேட்டுவிடுங்கள், இணையத்தில் போட்டிருக்கும் படத்தை நம்பி எடுக்க வேண்டாம்.

சனிக்கிழமை குளித்து, டிபன் முடித்து, எட்டு மணிக்குள் கோயிலுக்குப் போய்விடுங்கள். நேரம் ஏற ஏறக் கல் தரை சுட ஆரம்பிக்கும், செருப்பை வெளியே விட்டுவிட்டு அவ்வளவு பெரிய பிரகாரத்தில் வயதானவர் நடக்க முடியாது. தடிமனான சாக்ஸ் ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். சன்னிதிக்குப் படிகள் உண்டு, உயரமான படிகள், கையைப் பிடித்து மெதுவாக ஏற்றுங்கள். பிரகாரமெல்லாம் சமதரைதான். நந்தி, பெரியநாயகி அம்மன், முருகன் சன்னிதி, வாராகி என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சுற்று மண்டபத்தில் நிழல் பார்த்து உட்கார வையுங்கள். நந்தியும் முருகன் சன்னிதியும் நாயக்கர் காலத்தவை. அந்த முருகன் சன்னிதிச் சுவரில் கல்லை மரம் மாதிரி இழைத்திருப்பார்கள், அதை அவசரமாகக் கடந்து போகாதீர்கள்.

மதியம் பன்னிரண்டரைக்கு நடை சாத்துவார்கள், நாலு மணிக்குத்தான் மறுபடி திறப்பார்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள். உங்களுக்குத் தூக்கம் வராவிட்டாலும் அம்மாவுக்கு அந்த நேரம் வேண்டும். சாயங்காலம் மறுபடி கோயில். வெயில் இறங்கும்போது அந்தக் கல் செம்மஞ்சளாக மாறும், ஊர்க்காரர்கள் குழந்தை குட்டிகளோடு வந்து பிரகாரத்துப் புல்தரையில் உட்கார்ந்திருப்பார்கள். 1010-ல் முதலாம் ராஜராஜன் கட்டி முடித்த கோயில், ஏறத்தாழ 216 அடி விமானம், 1987-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் அது இன்றும் ஊர்க்காரர்களின் கோயிலாகவே இருக்கிறது என்பது அந்தச் சாயங்காலத்தில்தான் தெரியும்.

ஞாயிறு காலை அரண்மனை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம், மாடிகளில் ஏறவே வேண்டாம். கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன மூர்த்தி இருக்கிறார், அவருக்கு முன்னால் நின்றாலே போதும். 1011-ல் வார்த்த செப்புத் திருமேனி. பாம்பைச் சேர்த்துச் சுற்றிய ஜடை தலைப்பாகை போலிருக்கும், ஒரு கை காளையின் மேல் சாய்ந்த நிலையில் இருக்கும், ஆனால் காளை இல்லை. அது காணாமல் போய்விட்டது. காளை இல்லாமலேயே அவர் சாய்ந்து நிற்கிற அழகை அம்மா கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். அப்புறம் பக்கத்திலேயே சரஸ்வதி மஹால் நூலகம். 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கண் வைத்தியத்தில் ஈடுபாடு கொண்டவர். கண்புரைக்குச் சிகிச்சை பெற்ற நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், அவர்கள் கண்களை வரைந்த படங்களோடு இந்த நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. போன வருடம்தான் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்ட உங்கள் அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள், அவரே உங்களை நூறு கேள்வி கேட்பார்.

தெம்பு இருந்தால் சாயங்காலம் திருவையாறு, 13 கிலோமீட்டர்தான். ஐயாறப்பரைத் தரிசித்து, காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பாசிப்பருப்பில் செய்கிற அசோகா அல்வா வாங்கிக்கொண்டு திரும்பலாம். கும்பகோணம் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும். அங்கே போகும்போது பக்கத்தில் தாராசுரத்திலிருக்கும் சோழர் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எங்களுக்குச் சொல்லி வளர்த்தவர். விழும் என்று இப்போது படிக்கிறேன். அவரை அழைத்துப் போகிறேன், இதை எப்படிச் சொல்வது? சோழர் கால ஓவியங்களைப் பார்க்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: நிழல் விழுகிறது. நீங்கள் வாயால் சொல்லவே வேண்டாம். காலை ஏழரை, எட்டு மணிக்கு விமானத்துக்குப் பின்னால், மேற்குப் பிரகாரத்துக்கு அவரைக் கூட்டிப் போங்கள். நிழல் நீளமாகத் தரையில் கிடக்கும், ஆசிரியர் அவரே பார்த்துக்கொள்வார்.

அதோடு நிறுத்திவிடாதீர்கள், ஒன்றை எடுத்துவிட்டால் அதைவிடப் பெரியதை அவருக்குக் காட்ட வேண்டும். விமானத்தின் அடித்தளக் கல்வெட்டில் "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜராஜன் சொல்கிறான். தான் கொடுத்ததற்கு அடுத்தபடியே அக்கா குந்தவை கொடுத்தது! இன்னொரு கல்வெட்டில் பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைத்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடிய பெண்களின், பெயர்கள் இருக்கின்றன, யார் எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார் என்பதுவரை. ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது வருடத்துக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆட்டக்காரப் பெண்ணின் பெயரும் வீட்டு முகவரியும் நம்மிடம் இருக்கிறது என்பது எனக்கு நிழல் கதையைவிட ஆயிரம் மடங்கு பெரிய அதிசயம். தமிழ் வாசிக்கிற அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன். கல்வெட்டுகளின் அச்சுப் பதிப்பு நூலகங்களில் கிடைக்கிறது, சில பக்கங்களைப் பெரிய எழுத்தில் பிரதி எடுத்துக் கையில் கொடுங்கள்.

ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள் நடையில் இருக்கின்றன. நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பொதுமக்களை அங்கே விடுவதில்லை. கோயிலுக்குள்ளேயே தொல்லியல் துறையின் விளக்கக் கூடத்தில் புகைப்படங்கள் இருக்கும், அங்கே அப்பாவை உட்கார வைத்துக் காட்டுங்கள்.

கேள்வி: பிரதோஷத்தன்று அம்மாவைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போகலாமா?
– வாசகி, பெங்களூரு

பதில்: நந்தி அபிஷேகம் பார்க்க அவருக்கு ஆசை இருந்தால் போங்கள், ஆனால் கூட்டம் நெரியும். நாலு மணிக்கு நடை திறக்கும்போதே போய் ஓரமாக இடம் பிடித்து, தண்ணீர் பாட்டிலும் மாத்திரையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். அபிஷேகம் முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து வாசலுக்கு ஓட வேண்டாம், கூட்டம் கலைந்த பிறகு கிளம்புங்கள். நீண்ட நேரம் நிற்க முடியாதவர் என்றால் வேறு நாள் பாருங்கள்.