பாட்டியின் வீட்டுப் பத்திரமும் கணக்குத் தெரியாத கடன்களும்

பென்னாகரத்தில் உள்ள தங்கள் பாட்டியின் வீட்டின் மீது யாருக்கு எவ்வளவு கடன் என்பதே தெரியவில்லை, அசல் பத்திரமோ வட்டிக்காரரிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில், வீடு பாட்டியின் பெயருக்கு வந்த ஆண்டிலிருந்து இன்று வரைக்குமான வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறையின் இணையதளத்திலோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ பெற்றுப் பாருங்கள். பதிவான அடமானங்கள் அதில் தெரிந்துவிடும். வெறும் புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக்கொடுக்கும் சீட்டு, வீட்டை ஈடாக்காது. ஆனால் அதை வைத்து வழக்குப் போடுவதற்கான 3 ஆண்டுக் காலக்கெடு, பாட்டி கடனை ஒப்புக்கொண்டு மறுபடி எழுதிக்கொடுத்தால் புதிதாகத் தொடங்கிவிடும் என்பதால், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கைநாட்டு வைக்கச் சொல்லி யார் தாளை நீட்டினாலும், வழக்கறிஞர் படித்துப் பார்க்கும் வரை பாட்டியை வைக்க விடாதீர்கள். எனக்கு இதுதான் பெருங்கவலை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு; தருமபுரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பாட்டியின் பெயரிலேயே மனுக் கொடுங்கள்.