அரங்கத்தில் பணம் கட்டியும் மனம் நொந்தவர்களுக்கு: கேள்வி பதில்

நாடகமோ நடனமோ கச்சேரியோ பார்க்கப் போய், டிக்கெட் கவுண்டரோடு மல்லுக்கட்டிவிட்டுத் திரும்பியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முதலில் டிக்கெட் கவுண்டரிலும் பிறகு அரங்க மேலாளராகவும் பல வருடம் வேலை பார்த்தவள் நான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே, யாரிடம், எப்போது கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பல பிரச்சினைகளைத் திரை ஏறுவதற்கு முன்பே தீர்க்கலாம். மறுநாள் ஆகிவிட்டால் அதே பிரச்சினைக்கு மன்னிப்புக் கடிதம் மட்டும்தான் வரும்.

கேள்வி: அக்கா, நாங்கள் போனது ஐந்தே நிமிடம் தாமதம். கதவைத் திறக்க மாட்டோம் என்று அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய சீட்டில் போய் உட்கார எங்களுக்கு உரிமை இல்லையா?

பதில்: இது பழைய வழக்கம். 1897-இல் வியன்னா அரசவை ஓபரா (இசை நாடக) அரங்குக்கு இயக்குநராக வந்த இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர், தாமதமாக வருபவர்கள் நடுவில் உள்ளே நுழைவதைக் கறாராகக் கட்டுப்படுத்தினார். இன்று எந்தக் காட்சி முடிந்ததும் கதவைத் திறக்கலாம் என்பதை நிகழ்ச்சியை உருவாக்கும் குழுவே முன்கூட்டி எழுதிக் கொடுத்துவிடும். வாசலில் நிற்கும் ஊழியர் கையில் அந்த நேரம் குறித்த தாள் இருக்கும். அவராக முடிவெடுத்துக் கதவைத் திறக்க முடியாது. அதனால் "ஏன் விட மாட்டீர்கள்?" என்று கேட்பதைவிட, "அடுத்து எப்போது விடுவீர்கள்? அதுவரை உள்ளே நடப்பதைக் காட்டும் திரை எங்கேயாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பல அரங்குகளின் முன்கூடத்தில் அப்படி ஒரு திரை இருக்கும். முதலில் பின்வரிசையில் உட்கார வைத்து, இடைவேளையில் உங்கள் சீட்டுக்கு மாற்றுவார்கள்.

ஆனால் ஊழியர் உங்களை மரியாதைக் குறைவாகப் பேசியிருந்தால் அது தனிப் புகார். தாமதத்தோடு சேர்த்து எழுதினால் "நீங்கள் தாமதமாக வந்தீர்கள்" என்ற ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். தனியாக எழுதுங்கள்.

கேள்வி: முன்வரிசைக்கு அடுத்த விலையில் வாங்கினேன். போய் உட்கார்ந்தால் எதிரே தூண்! மேடையில் பாதி தெரியவில்லை. வாங்கும்போது யாரும் சொல்லவில்லை.

பதில்: எழுந்து போய்க் கேட்டீர்களா? பெரும்பாலோர் கேட்பதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புகார் எழுதுகிறார்கள்.

வெளியில் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு காட்சிக்கும் நல்ல இடத்தில் சில சீட்டுகளை விற்காமல் ஒதுக்கி வைப்பது பல அரங்குகளில் வழக்கம். கலைஞர்களின் விருந்தினருக்காகவும், ஒரே சீட்டு இருவருக்குப் போய்விட்டாலோ நாற்காலி உடைந்திருந்தாலோ சமாளிப்பதற்காகவும் அவை இருக்கும். கடைசி நேரத்தில் அவற்றில் ஒன்றிரண்டு மிஞ்சும். அதை எடுத்துக் கொடுக்கும் அதிகாரம் அன்றைய பொறுப்பில் உள்ள அரங்க மேலாளரிடம் இருக்கிறது, இடம் காட்டும் பிள்ளைகளிடம் இல்லை. எனவே "இன்று பொறுப்பில் இருக்கும் மேலாளரைப் பார்க்க வேண்டும்" என்று கேளுங்கள். விளக்கு அணையும் முன் உங்கள் சீட்டிலிருந்து மேடையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நடக்கும்போது எடுக்கக் கூடாது. அன்று இடம் கிடைக்காமல் போனாலும், "பார்வை மறைக்கும் இடம் என்று விற்பனைப் பக்கத்தில் குறிப்பிடவில்லை" என்ற வரியோடு அந்தப் படத்தை அனுப்பினால் விலை வித்தியாசத்தைக் கேட்கலாம்.

கேள்வி: இரண்டு நாள் கழித்து நடக்கும் நிகழ்ச்சிக்கு என்னால் போக முடியாது. மாற்றியும் தர மாட்டோம், பணமும் திருப்பித் தர மாட்டோம் என்கிறார்கள். இது சட்டப்படி சரியா?

பதில்: பெரும்பாலும் சரிதான். இணையத்தில் வாங்கிய பொருளை 14 நாளில் திருப்பித் தரும் உரிமையைக் கொடுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நுகர்வோர் விதியே, தேதி குறித்த நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது. திரை ஏறிய பிறகு காலிச் சீட்டை யாருக்கும் விற்க முடியாது என்பதுதான் காரணம்.

ஆனால் அந்தக் காரணமே உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். காட்சி முழுக்க விற்றுத் தீர்ந்திருந்தால் உங்கள் சீட்டுக்குக் காத்திருக்கும் ஆள் இருப்பார். "திரும்ப விற்றுத் தர முடியுமா, அல்லது வேறு தேதிக்கான வரவாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று இன்றே கேளுங்கள். ரீஃபண்ட் என்று ஆரம்பித்தால் இல்லை என்ற பதில் தயாராக இருக்கும்.

கேள்வி: முக்கிய நடிகருக்காகவே போனேன். அன்று அவருக்குப் பதில் வேறொருவர். கவுண்டரில் தோளைக் குலுக்கிவிட்டார்கள்.

பதில்: ஏமாற்றம் புரிகிறது. டிக்கெட் நிகழ்ச்சிக்குத்தான், நபருக்கு அல்ல என்பதுதான் பொது விதி. நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் ஒரு வழக்கம் உண்டு: நாடகத் தலைப்புக்கு மேலே பெயர் போட்டு விளம்பரம் செய்த நட்சத்திரம் வரவில்லை என்றால் பணத்தைக் கேட்கலாம், தேதியையும் மாற்றலாம். அங்கேகூட நிகழ்ச்சி தொடங்கும் முன் கேட்டால்தான் உண்டு. விளம்பரத்தில் அவர் பெயர்தான் பிரதானம் என்றால் நீங்களும் அதைச் சொல்லி, தொடங்கும் முன்பே கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: கூகுளில் தேடி முதலில் வந்த தளத்தில் வாங்கினேன். விலை இரண்டு மடங்கு. வாசலில் ஸ்கேன் செய்தால் "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது" என்று வந்தது. அரங்கம் கைவிரித்துவிட்டது.

பதில்: நீங்கள் பார்த்தது விளம்பர இணைப்பாக இருக்கும். அரங்கத்தின் பெயரையும் படத்தையும் போட்டு, அரங்கத்தின் தளம் போலவே தோற்றம் கொடுக்கும் மறுவிற்பனைத் தளங்கள் நிறைய உண்டு. நீங்கள் கொடுத்த பணம் அரங்கத்துக்குப் போகவே இல்லை, அதனால் அவர்கள் திருப்பித் தர வழியில்லை. இருந்தாலும் ஒன்று கேட்கலாம்: டிக்கெட் செல்லவில்லை என்று ஒரு மெயில். தர மறுக்க மாட்டார்கள். அதை இணைத்து, வாங்கிய சேவை கிடைக்கவில்லை என்று வங்கியில் கார்டு பணத்தைத் திரும்பக் கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கு பெரும்பாலும் 120 நாள் வரை அவகாசம் உண்டு. ஆனால் சில வங்கிகள் சீக்கிரமே கேட்கச் சொல்லும், ஆறப்போடாதீர்கள்.

கேள்வி: அம்மா சக்கர நாற்காலியில் இருக்கிறார், காதும் சரியாகக் கேட்காது. தொலைபேசியில் சொல்லித்தான் வாங்கினேன். போனால் அந்த இடத்தில் வேறு நாற்காலி போட்டு விற்றிருந்தார்கள். என்னை எட்டு வரிசை தள்ளி உட்கார வைத்தார்கள். அம்மா அன்று முழுக்க அழுதுகொண்டிருந்தார்.

பதில்: இதைப் படித்தபோது எனக்கும் மனசு கனத்துவிட்டது. அம்மாவிடம் அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொல்லுங்கள்.

நடந்தது என்ன என்று ஊகிக்க முடிகிறது. பல அரங்குகளில் சக்கர நாற்காலி இடம் என்பது, கழற்றி மாட்டக்கூடிய நாற்காலிகளை எடுத்துவிட்டு உண்டாக்கும் வெற்றிடம். யாரும் கேட்காவிட்டால் அந்த நாற்காலிகளைத் திரும்ப மாட்டி, சாதாரண சீட்டாக விற்பார்கள். உங்கள் கோரிக்கை தொலைபேசியில் பேசியவரின் குறிப்பில் மட்டும் நின்றுபோய், புக்கிங்கில் ஏறாமல் இருந்திருக்கும். தவறு முழுக்க அரங்கத்துடையது. துணைக்கு வருபவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை. எட்டு வரிசை தள்ளி உட்கார வைத்ததை எந்தக் காரணம் சொன்னாலும் ஏற்க முடியாது.

இனிமேல் தொலைபேசியில் வாங்கினாலும் அன்றே ஒரு மெயில் போட்டு, பதிலில் மூன்று விஷயங்கள் எழுத்தில் வரும்வரை விடாதீர்கள். ஒன்று, சக்கர நாற்காலி இடத்தின் எண்ணும் துணையாளர் சீட்டின் எண்ணும். இரண்டு, தெருவிலிருந்து அந்த இடம் வரைக்கும் படி இல்லாத வழி எது, லிஃப்ட் அன்று வேலை செய்கிறதா. கழிப்பறையையும் சேர்த்துக் கேளுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மூன்று, காது கேட்க உதவும் கருவி. காதுப் படமும் டி (T) என்ற ஆங்கில எழுத்தும் போட்ட நீலப் பலகை இருந்தால் அங்கே லூப் வசதி உண்டு. அம்மாவின் காது கருவியில் டி அமைப்பு இருந்தால் அதற்கு மாற்றினாலே மேடை ஒலி நேராக வரும். சில அரங்குகளில் லூப்புக்குப் பதில் ஹெட்செட் கொடுப்பார்கள். வாங்கியவுடன் அங்கேயே போட்டுப் பாருங்கள், அதில் சார்ஜ் இல்லாமல் போவதுதான் அடிக்கடி வரும் புகார்.

நடந்து முடிந்ததற்கு வாடிக்கையாளர் பிரிவு வேண்டாம். நேராக அரங்கத்தின் தலைமை நிர்வாகிக்கு எழுதுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பல நாடுகளில் இதில் தெளிவாக நிற்கிறது என்று அவருக்கும் தெரியும்.

கேள்வி: முக்கால் மணி நேரம் ஃபோனில் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறார்கள். மெயில் போட்டால் தானியங்கிப் பதில். எப்படித்தான் புகார் எழுதுவது?

பதில்: புது நிகழ்ச்சி விற்பனை தொடங்கும் காலையிலும், காட்சிக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் கூப்பிடாதீர்கள். மெயில் இப்படி இருக்கட்டும்:

"புக்கிங் எண் இது. இந்தத் தேதி மாலைக் காட்சி, இந்தச் சீட்டு. ஏழு மணிக்கு நடந்தது இது. அன்றே மேலாளரிடம் சொன்னேன், அவர் சொன்ன பதில் இது. எனக்கு வேண்டியது டிக்கெட் விலையில் பாதி. 14 நாளுக்குள் பதில் தரவும்."

அவ்வளவுதான். என்ன வேண்டும் என்று சொல்லாத புகாருக்கு வருத்தம் தெரிவித்துவிட்டு முடித்துவிடுவார்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் திட்டுவதாலும் பயன் இல்லை. பல இடங்களில் பணம் திருப்பித் தர மேற்பார்வையாளரின் கடவுச்சொல் வேண்டும், அவரால் நினைத்தாலும் முடியாது.

கேள்வி: நிகழ்ச்சியே ரத்து. டிக்கெட் விலை வந்தது, புக்கிங் கட்டணம் வரவில்லை.

பதில்: கார்டு ஸ்டேட்மெண்டில் பணம் யார் பெயரில் போயிருக்கிறது என்று பாருங்கள். அரங்கத்தின் பெயர் என்றால் கட்டணத்தையும் சேர்த்து அவர்களிடமே கேளுங்கள். இடைத்தரகர் நிறுவனம் என்றால் அவர்கள் விதியில் அந்தக் கட்டணம் திரும்ப வராது என்று இருக்கக்கூடும், படித்துப் பாருங்கள். ரத்து என்றால் பணம். தள்ளிவைப்பு என்றால் புதுத் தேதி ஒத்துவராதவர்கள் கேட்பதற்கு ஒரு கெடு வைத்திருப்பார்கள். அந்தக் கெடு அறிவிப்பு மெயிலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.