வாசகர் கேள்வி பதில்: செல் எண்ணிக்கைக்குக் கைப்பேசி கைகொடுக்குமா?

கேள்வி: ஆய்வகத் தொழில்நுட்பம் படிக்கும் மாணவி நான். ஸ்லைடில் 100 வெள்ளையணுக்களை வகை பிரித்து எண்ணும்போது, தாளில் கோடு போடக் கண்ணை எடுத்து, விட்ட இடத்தை மறந்துவிடுகிறேன். நியூபார் சேம்பர் (செல்களை எண்ணக் கட்டங்கள் பொறித்த கண்ணாடித் தகடு) கணக்கிலும் பிழை வருகிறது. இதற்கென உள்ள செயலிகள் உதவுமா?

பதில்: உதவும். உங்கள் சிக்கலின் வேர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுப்பதுதான் என்பதால், அதைத் தவிர்க்கும் செயலியையே நீங்கள் தேட வேண்டும். வகைக்கொரு விசையை அழுத்தி எண்ணும் பழைய கருவியில் எந்த விசை எங்கே இருக்கிறது என்பது விரலுக்குப் பழகிவிடும். நூறாவது அணுவில் மணியும் அடிக்கும். கைப்பேசித் திரையோ வழுவழுப்பானது. வெள்ளையணு வகைகளில் நியூட்ரோபிலுக்கான பொத்தான் எது, லிம்போசைட்டுக்கான பொத்தான் எது என்று விரலுக்குத் தெரியாது. ஆகவே, வகைக்கொரு ஒலி எழுப்புவதும், தொட்டவுடன் அதிர்வதும், 100 ஆனதும் தானே நிற்பதும், தவறாகத் தொட்ட கடைசி எண்ணை மட்டும் நீக்க வழியுள்ளதுமான செயலியைத் தேர்ந்தெடுங்கள். பொத்தான்களை இடம் மாற்ற முடிந்தால், அடிக்கடி வரும் இரண்டு வகைகளையும் திரையின் கீழ் மூலைகளில் வைத்துக்கொள்ளுங்கள்; கைப்பேசியின் விளிம்பைத் தடவியே விரல் அங்கு போய்ச் சேரும். அரிதாக வரும் பேசோபில் வகைக்கான பொத்தான் எங்கிருந்தாலும் பரவாயில்லை. உட்கரு உள்ள சிவப்பணுக்களுக்கான பொத்தான் இருந்தால், அந்த எண் 100-இல் சேராமல் தனியாக நிற்கிறதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள். எண்ணத் தொடங்குமுன் விமானப் பயன்முறைக்கு மாற்றுவதும் நல்லது. 73-ஆவது அணுவில் அழைப்பு வந்தால் கோபப்பட்டுப் பயனில்லை.

சேம்பர் கணக்கில் செயலி கூட்டிப் பெருக்குவதைப் பிழையின்றிச் செய்யும். ஆனால் நீங்கள் கொடுக்கும் நீர்ப்பு விகிதத்தை (மாதிரியை எத்தனை மடங்கு நீர்த்தீர்கள் என்பதை) அது அப்படியே நம்பிவிடும். பெரிய கட்டம் ஒன்றின் பக்கம் 1 மி.மீ., ஆழம் 0.1 மி.மீ.; ஆகவே நான்கு மூலைக் கட்டங்களின் கொள்ளளவு 0.4 மைக்ரோலிட்டர். 20 மடங்கு நீர்த்த இரத்தத்தில் அந்த நான்கிலும் சேர்த்து 160 வெள்ளையணுக்கள் இருந்தால், 20-ஐ 0.4-ஆல் வகுத்தால் வரும் 50-ஆல் பெருக்கி, ஒரு மைக்ரோலிட்டருக்கு 8,000 என்று விடை வரும். ஆய்வகத்தில் வளர்த்த செல்களை, இறந்த செல்களை நீலமாக்கும் டிரைபன் புளூ சாயத்துடன் சம அளவு கலந்து எண்ணுபவர், செயலியில் நீர்ப்பு 1 என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டால், விடை சரிபாதியாகக் குறைந்துவிடும். ஆகவே முதல் சில நாட்களுக்குக் காகிதத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கேள்வி: செயலியில் எண்ணினால் முடிவின் துல்லியம் கூடுமா?

பதில்: எண்ணும் கையின் தவறு குறையும், அவ்வளவே. சேம்பரில் எண்ணிய 160 என்பதிலேயே, அதன் வர்க்கமூலமான ஏறக்குறைய 13 வரை கூடவோ குறையவோ வருவது இயல்பு. அதாவது 8 விழுக்காடு. 100 அணுக்களில் 5 ஈசினோபில் (இன்னொரு வெள்ளையணு வகை) என்று வந்தால், உண்மை விகிதம் 2 முதல் 11 விழுக்காடு வரை எங்கும் இருக்கலாம். செயலி அதை 5.00 என்று இரண்டு தசம இடங்களோடு காட்டுவது வெறும் அலங்காரம். இந்த ஊசலாட்டத்தைக் குறைக்க 200 அல்லது 400 அணுக்களை எண்ண வேண்டும். கை சோராமல் அதைச் செய்ய வைப்பதே செயலியின் பெரிய பயன் என்பது என் கருத்து. இரத்தத்தைச் சரியாகக் கலக்காததும், பிப்பெட்டில் அளவு தவறியதும், சேம்பர் வழிய வழிய நிரப்பியதும் எந்தச் செயலிக்கும் தெரியாது.

கேள்வி: கேமராவை நுண்ணோக்கியில் வைத்து எடுத்த படத்தைத் தானே எண்ணித் தரும் செயலியை நம்பலாமா?

பதில்: சாயமேற்றிய, ஒன்றோடொன்று ஒட்டாத செல்களில் ஓரளவு நம்பலாம். திரளாகக் கிடப்பவற்றை ஒன்றாகவும், தூசியைச் செல்லாகவும் எண்ணிவிடும். கட்டத்தின் மேல், இடக் கோடுகளைத் தொடுபவற்றைச் சேர்த்து, கீழ், வலக் கோடுகளைத் தொடுபவற்றை விடும் வழக்கத்தை அது பின்பற்றுகிறதா என்று பாருங்கள். ஒரே ஸ்லைடைக் கையாலும் செயலியாலும் பத்து முறை எண்ணி ஒப்பிடாமல், நோயாளியின் அறிக்கையில் அந்த எண்ணை எழுதாதீர்கள்.

கேள்வி: கையுறையுடன் திரையைத் தொடலாமா?

பதில்: மாதிரியைத் தொட்ட கையுறையுடன் கூடவே கூடாது, அதே கைப்பேசியைப் பிறகு காதில் வைப்பீர்கள். ஆய்வகத்திற்கென்றே ஒரு பழைய கைப்பேசியை ஒதுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் உறையில் இட்டு, நாள் முடிவில் உறையை மாற்றிவிடுங்கள்.