முகத்தைக் கடைசியில் வரையுங்கள்: வேற்றுக்கிரக உயிர்கள் பற்றிய கேள்வி பதில்

இலங்கை மலையகத்து இளைஞர்கள் சிலர் சேர்ந்து தொலைக்காட்சிக்கு ஓர் அறிவியல் புனைவுத் தொடர் எழுதுகிறார்கள். அதில் வரும் வேற்றுக்கிரகவாசிகளை நம்பும்படி உருவாக்குவது எப்படி என்று அவர்களும் வேறு பலரும் கேட்டிருந்தார்கள். விலங்கியல் கற்பிக்கிறவன், மேடை நாடகங்களுக்கு முகமூடி செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து உயர்தர மாணவி: சேர், எப்படி வரைஞ்சாலும் கடைசியில காது நீண்ட மனுசன்தான் வருது. எங்க தொடங்கணும்?

முகத்தைக் கடைசிக்கு வையுங்கள், தங்கச்சி. முதலில் அந்த உலகத்தை எழுதுங்கள். ஈர்ப்பு எவ்வளவு, வெளிச்சம் எப்படி, குளிரா வெயிலா, சாப்பாடு எங்கே கிடைக்கும்? இதெல்லாம் முடிவானால் உடம்பு தானாகப் பின்னால் வரும். நம் ஹோட்டன் சமவெளியையே பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலே பனியும் காற்றும், இரவில் நடுக்கும் குளிரும். அங்கே பாசி படர்ந்த கிளைகளில் கொஃபோட்டிஸ் சிலானிக்கா என்றொரு சின்ன ஓணான் இருக்கிறது. மற்ற ஓணான்களைப் போல மண்ணைத் தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போகாது. வயிற்றுக்குள்ளேயே வளர்த்துக் குட்டியாக ஈனும். குளிர்ந்த மண்ணில் முட்டைக்குச் சூடு போதாது, தாய் வெயில் தேடி நகர்ந்தால் உள்ளே இருப்பதற்கும் சூடு கிடைக்கும். குளிர்ப் பிரதேசத்துப் பல்லி இனங்கள் பல இப்படி ஆனதற்கு உயிரியலாளர்கள் சொல்லும் முக்கிய விளக்கம் இது. நம் காட்டுப் புதர்த்தவளைகள் வாற்பேய்ப் பருவத்தையே விட்டுவிட்டன. முட்டையிலிருந்து நேரே குட்டித் தவளை வரும், குளமே வேண்டியதில்லை.

இனி உங்கள் இனமும் வெயிலில் காய்ந்துதான் பிள்ளை பெறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை வெயில் விழும் சரிவு யாருக்குச் சொந்தம்? கர்ப்பிணிக்கு யார் இடம் விட வேண்டும்? மூன்று நாள் மூட்டம் போட்டால் என்ன கலவரம் வரும்? ஒரு முகமும் வரையாமலே உங்களிடம் ஒரு சமுதாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் தொடரின் முதல் கதையே அதுதான்.

பதுளையிலிருந்து ஒருவர்: யானை அளவு சிலந்தி வைக்கலாமா?

நம் பூமியில் வைக்க முடியாது. உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் காலின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகும். அந்த மெல்லிய கால்கள் முறிந்துவிடும். மூச்சுப் பிரச்சினையும் உண்டு. சிலந்தி பூச்சி இனமில்லை, ஆனாலும் பூச்சிகளை உதாரணத்துக்கு எடுங்கள்: அவை உடலெங்கும் ஓடும் நுண்குழாய்கள் வழியாகக் காற்றை உள்ளே விடுகின்றன. உடல் பருத்தால் ஒட்சிசன் உள்வரை போய்ச் சேராது. சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன், காற்றில் ஒட்சிசன் இன்றைவிட அதிகமாக இருந்த காலத்தில், இறக்கை விரித்தால் 65 சென்ரிமீற்றர் வரும் தும்பி போன்ற பூச்சிகள் பறந்தன.

ஆசையை விட வேண்டாம், உலகத்தை மாற்றுங்கள். ஈர்ப்பைக் குறையுங்கள், ஒட்சிசனைக் கூட்டுங்கள். ஆனால் ஒட்சிசன் கூடினால் தீ எளிதில் பற்றும், அணையாது. அந்த ஊரில் அடுப்பு மூட்டுவது எப்படி, கோபத்தில் ஒருவன் தீப்பொறி பறக்க விட்டால் என்ன தண்டனை என்றெல்லாம் நீங்கள் யோசித்தே ஆக வேண்டும்.

தலவாக்கலையிலிருந்து நாடகம் பழக்கும் ஆசிரியர்: எங்களிடம் காசு இல்லை. நடிகருக்கு இரண்டு கை இரண்டு கால்தான். என்ன செய்வது?

இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்து இருக்கும் சிக்கல் இது. ஸ்டார் ட்ரெக் தொடரில் 1960களில் வந்த க்ளிங்கன்கள் என்ற வேற்றுக்கிரக இனத்துக்கு முகத்தில் சாயமும் தாடியும் புருவமும்தான். நெற்றி மேடு வந்தது பணம் புழங்கிய 1979ஆம் ஆண்டுத் திரைப்படத்தில். ஆனால் 1963இல் டொக்டர் ஹூ தொடருக்கு டாலெக்குகள் என்ற வில்லன் இனத்தை வடிவமைத்த ரேமண்ட் கியூசிக் வேறு வழியில் போனார். நடிகரின் கால்களையே மறைத்துவிட்டார். உள்ளே ஆள் உட்கார்ந்து தள்ளிக்கொண்டு போவார், வெளியே மனித உருவத்தின் சுவடே இல்லை. செலவும் கம்மி, பயமும் அதிகம்.

ஆகவே முகத்தில் அப்புவதற்கு முன் உருவக் கோட்டை உடையுங்கள். தோளை உயர்த்துங்கள், கழுத்தை மறையுங்கள், முழங்கைக்குக் கீழே ரெஜிபோமும் (பொதி கட்டும் வெள்ளை நுரைப் பலகை) துணியும் வைத்துக் கையை நீட்டுங்கள். பிறகு நடை. ஒரு வாரம் நடிகர்களைக் குதிகால் படாமல் நடக்கப் பழக்குங்கள், அதற்கு ஒரு சதமும் ஆகாது. கண்ணையும் வாயையும் மட்டும் தயவுசெய்து மூடிவிடாதீர்கள். நடிகருக்குக் கருவி அவை இரண்டும்தான். அழகான முகமூடிக்குப் பின்னால் நல்ல நடிப்பு மூச்சு முட்டிச் சாவதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும்.

நுவரெலியாவிலிருந்து பத்தாம் தர மாணவன்: சிலிக்கனால் ஆன உயிர் இருக்குமா சேர்?

கதையில் வைக்கலாம் தம்பி, ஆனால் கஷ்டம். காபன் ஒட்சிசனோடு சேர்ந்தால் வாயு, மூச்சில் வெளியே போய்விடும். சிலிக்கன் சேர்ந்தால் மணலில் இருக்கும் அதே திண்மம். உன் உயிரி மணலை மூச்சாக விட வேண்டிவரும். அதைக் காட்டத் துணிந்தால் எழுது.

ஹப்புத்தளையிலிருந்து ஒருவர்: அவர்களுடைய மொழியை எப்படி அமைப்பது?

வாயிலிருந்து தொடங்குங்கள். முகமூடியின் பல் நீட்டிக்கொண்டு உதடு மூடாதென்றால் ப, ம ஒலிகள் வராது. அந்த மொழியில் அவை இல்லை என்றே வைத்துவிடுங்கள், நடிகருக்கும் சுலபம். 'அம்மா' என்று சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளை எப்படித் திணறும் என்பதே ஒரு காட்சி. ஒலி வாயால்தான் வர வேண்டும் என்றும் இல்லை. யானைகள் நம் காதுக்கு எட்டாத, 20 ஹேர்ட்ஸுக்குக் குறைந்த ஒலியிலும் பேசிக்கொள்கின்றன. நிலத்தில் வரும் அதிர்வைக் காலால் உணர்கின்றன. நிலத்தால் பேசும் இனம் விண்கலத்தில் ஏறினால் இயந்திர அதிர்வில் ஒன்றும் கேட்காமல் தவிக்கும்.

மாத்தளையிலிருந்து ஓர் அம்மா: அட்டையைப் பார்த்து ஏதாவது செய்யலாமா? எங்களுக்குப் பழக்கமான பிராணி அது.

அருமையான தெரிவு, அம்மா. நம் காட்டட்டைக்கு ஐந்து சோடிக் கண்கள், மூன்று தாடைகள். மூச்சுக்காற்றையும் நில அதிர்வையும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும். எனக்குப் பிடித்தது வேறொன்று: வயிறு நிறையக் குடித்துவிட்டால் மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். அறிவுள்ள ஓர் இனம் அப்படி வாழ்ந்தால் வீட்டில் சமையலறை இருக்காது. வந்தவரிடம் தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்க மாட்டார்கள். உபசரிப்பு என்ன உருவத்தில் இருக்கும்? ஒருவர் சாப்பிடும் நாள் ஊர்த் திருவிழாவா, யாரும் பார்க்கக் கூடாத வெட்கமா? இரத்தத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இது நூறு மடங்கு சுவையானது.

பண்டாரவளையிலிருந்து ஓர் ஆசிரியை: பல தொடர்களில் ஒரு கிரகம் முழுவதும் வீரர்கள், இன்னொன்று முழுவதும் வியாபாரிகள். இது சரியா?

சரியில்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு கிரகத்துக்கு ஒரே உடை, ஒரே சாமி, ஒரே குணம் என்று எழுதுவது சோம்பேறித்தனம். 'தோட்டத்து ஆட்கள்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கப்பட்ட நாமே அதை எழுதலாமா? ஒரே தோட்டத்தில் மேல் டிவிசனுக்கும் கீழ் டிவிசனுக்கும் திருவிழா நடத்துவதில் எத்தனை வேறுபாடு! 1948 குடியுரிமைச் சட்டத்தால் நம் மலையகத் தமிழரில் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். இந்தியா போவதா இங்கேயே இருப்பதா என்று ஒரே வீட்டுக்குள்ளேயே பின்னாளில் இரண்டு கருத்து இருந்தது. உங்கள் இனத்துக்கும் அப்படி ஒரு தீராத சண்டை கொடுங்கள். இரண்டு வேற்றுக்கிரகவாசிகள் தங்களுக்குள் வாதாடட்டும், மனிதர் யாரும் அந்தக் காட்சியில் வேண்டாம்.

கண்டியிலிருந்து ஒருவர்: இதையெல்லாம் பார்க்கிறவருக்கு எப்படி விளக்குவது?

விளக்காதீர்கள். உங்கள் குறிப்புப் புத்தகத்தில் நூறு இருக்கட்டும், திரையில் பத்து போதும். அவர்கள் வீட்டுக் கதவின் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது, உட்கார என்ன வைத்திருக்கிறார்கள், பிள்ளையை எங்கே கட்டிச் சுமக்கிறார்கள் என்பதைச் சரியாகச் செய்யுங்கள். கலை இயக்குநரோடு முதலில் பேச வேண்டியது இதைத்தான். ஒப்பனைக்காரரை அதற்குப் பிறகு கூப்பிடலாம்.