போட்டோவின் ஓரத்தைப் பாருங்கள்

தருமபுரியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். படம் பகிர்வது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பென்னாகரம் வாசகி: ஒகேனக்கல் பரிசலில் குடும்பத்தோடு எடுத்த படத்தை உடனே ஸ்டேட்டஸில் வைத்தேன். தம்பி திட்டுகிறான். என்ன தப்பு?

தம்பி சொல்வது சரிதான் அக்கா. எல்லோரும் பரிசலில் இருந்தால் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றுதானே அர்த்தம்? எப்போதோ நம்பர் சேமித்த பழைய இரும்புக்காரர்கூட அந்த ஸ்டேட்டஸைப் பார்த்திருக்கலாம். வீடு திரும்பியதும் வையுங்கள், அருவி எங்கேயும் ஓடிவிடாது.

சந்தூர், மாங்கன்று விற்பவர்: படத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கலாமாமே?

கேமராவில் லொகேஷன் ஆன் ஆகியிருந்தால் முடியும். அட்சரேகை, தீர்க்கரேகை, எடுத்த நேரம், போன் மாடல் எல்லாம் படக் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும், எக்ஸிஃப் என்பார்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் லொகேஷன் நீங்கிவிடும். தெளிவாக இருக்கட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். நர்சரிக்கு ஆள் வருவது நல்லதுதான். வீட்டுப் படத்துக்கு எதற்கு? கேமரா செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள்.

பாலக்கோடு வாசகர்: ஆதார் எண்ணைப் போனிலேயே கறுப்படித்து அனுப்பினேன். போதுமா?

எந்தப் பேனாவால் அடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்கு வந்த ஒருவர் ஹைலைட்டரால் நாலு முறை தேய்த்திருந்தார். வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் ஏற்றிக் காட்டினேன். 12 இலக்கமும் பளிச்சென்று மேலே வந்தன. அதோடு, அட்டையை அவர் வைத்திருந்தது பாங்க் பாஸ்புக் மேல். கணக்கு எண் ஓரத்தில் எட்டிப் பார்த்தது! வெட்டி எடுங்கள், அல்லது முழுக் கறுப்புக் கட்டம் வையுங்கள். அதைவிட, ஆதார் தளத்தில் மாஸ்க்டு ஆதார் கிடைக்கும். அதில் கடைசி 4 இலக்கம் மட்டுமே தெரியும்.

ஓசூர் மாணவி: என் டிபியை ஆபாசமாக மாற்றி, பணம் கேட்டு மிரட்டுகிறான்.

உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை அம்மா. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். பதற்றத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அவன் நம்பர் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு சைபர்கிரைம்.கவ்.இன் தளத்தில் புகார் கொடுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. வீட்டில் ஒருவரிடமாவது இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

காரிமங்கலம் வாசகர்: ஒருமுறை மட்டும் பார்க்கும்படி அனுப்பினால் பத்திரமா?

எதிரில் இருப்பவரிடம் இன்னொரு போன் இல்லாதவரை.